ஜப்பானியத் தாத்தாவின் வெள்ளரிக்காய்க் குதிரை

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் கௌரவம். டெக்சாஸின் ஆலன் நகரத்திலிருந்து கலிபோர்னியாவின் சான் ஹோசேவுக்கு, ஆகாய வழியில் ஏறத்தாழ ஆயிரத்து நானூற்று நாற்பது மைல், நான் போனது ஊர் பார்க்க அல்ல, உறவு பார்க்கவும் அல்ல. செத்துப்போன ஒரு ஜப்பானியக் கிழவர்மேல் பொறாமைப்பட்டுப் போனேன். உயிரோடு இருப்பவன்மேல் பொறாமைப்பட்டால் அவன் வீடு, அவன் கார், அவனுக்கு வந்துவிட்ட கிரீன் கார்டு என்று ஏதாவது நியாயம் சொல்லலாம். இந்த மனிதரிடம் மிச்சம் இருந்தது சட்டம் போட்ட ஒரு புகைப்படம். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

விஷயம் இதுதான். என் மகள் தேன்மொழிக்கு இருபத்து மூன்று வயது. குபெர்டினோவில் வேலை பார்க்கிறாள். அவளோடு ஒரே அபார்ட்மெண்டில் இருப்பவள் எமி, சான் ஹோசேயிலேயே பிறந்து வளர்ந்த ஜப்பானியக் குடும்பத்துப் பெண். எமியின் தாத்தா ஜார்ஜ், புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர், சென்ற நவம்பரில் தொண்ணூற்றோரு வயதில் காலமானார். ஜப்பானியர்களுக்கு ஓபோன் என்று ஒரு பண்டிகை உண்டு. இறந்துபோன முன்னோர்கள் அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் போவார்களாம். இங்கே ஜூலையில் கொண்டாடுகிறார்கள். நம் ஆடி அமாவாசையையும் ஊர்த் திருவிழாவையும் ஒன்றாகப் பிசைந்து வைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்: பகலில் வீட்டில் படையல், மாலையில் தெருவில் ஆட்டம்.

ஜூன் கடைசியில் தேன்மொழி ஒரு படம் அனுப்பினாள். நீலப் பருத்தி அங்கி, இடுப்பில் அகலப் பட்டை, கையில் விசிறி, முகமெல்லாம் பல். கீழே ஒரு வரி: 'எமி தாத்தாவோட ஃபர்ஸ்ட் ஓபோன், டான்ஸ் ப்ராக்டீஸ்!'

என் அப்பாவும் போன வருடம் ஆகஸ்டில்தான் தவறினார். கோவில்பட்டியில். எங்கள் வழக்கப்படி தலை வருடம் முழுக்க வீட்டில் நல்ல காரியம் எதுவும் கிடையாது. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, புதுத்துணி இல்லை. ஆலனில் பக்கத்து வீட்டுக்காரர் நவராத்திரிச் சுண்டல் கொடுத்தபோதுகூட, 'எங்களுக்கு இந்த வருஷம் இல்லீங்க' என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்; சுண்டலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன், அது வேறு விஷயம். என் தாத்தா இறந்த வருடத்தில் வீட்டு ரேடியோவுக்குக்கூட உறை போட்டு மூடியிருந்தார்கள். இங்கே என் மகள், சொந்தத் தாத்தாவுக்கு வருடம் திரும்பும் முன்னால், அடுத்தவர் தாத்தாவுக்கு விசிறியோடு ஆடுகிறாள்.

அப்பாவின் வருடத் திதி ஆகஸ்டில் வருகிறது. தேன்மொழி அதற்கு ஆலனுக்கு வரவேண்டும். இந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. வருவாளா என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.

"ஒரு போனைப் போட்டுக் கேட்டா முடிஞ்சுது. அதுக்கு எதுக்கு ஃப்ளைட்டு?" என்றாள் மனைவி சுதா.

"இதெல்லாம் நேர்ல கேக்கணும்."

"நேர்ல கேட்டா மட்டும் உங்களுக்கு வாய் வந்துருமாக்கும்."

அவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் உள்ள ஒரே குறை அதுதான்.

சனிக்கிழமை, காலை 4.15. ஆலனிலிருந்து விமான நிலையம் முப்பது மைல். சாலை காலி, தார் இன்னும் முந்திய நாளின் சூட்டை விடவில்லை. ஒரு வாரத்துக்கு முன் எடுத்த டிக்கெட், போக வர 412 டாலர். இரண்டு மாதம் முன்னால் எடுத்திருந்தால் பாதிதான். ஆனால் பொறாமை முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லை. 6.50க்கு விமானம் கிளம்பியது. மூன்றே முக்கால் மணி நேரம் பறந்து, கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளி, 8.35க்கு சான் ஹோசேயில் இறங்கினேன். வழியில் கொடுத்தது ஒரு தம்ளர் தக்காளிச் சாறும் பதினோரு உப்புப் பிஸ்கட்டும். எண்ணினேன். பின்னால் நடந்த அசம்பாவிதத்துக்கு இந்தப் பதினொன்றும் ஒரு காரணம்.

வெளியே வந்ததும் முதல் பொறாமை வானிலைமேல். ஜூலை நடுவில் காற்று சில்லென்று இருந்தது. ஆலனில் இந்நேரம் காரின் ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடியும். வாடகைக் காரை ஓட்டிவந்தவர் ஒரு சர்தார்ஜி. ஜப்பான் டவுன் பக்கத்துத் தெரு, மூன்றரை மைல், பதினேழு டாலர்.

"குடும்ப விசேஷமா?" என்று கேட்டார்.

"ஆமாம். ஆனா என் குடும்பம் இல்லை."

கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "அப்போ சாப்பாடு நல்லா இருக்கும், கவலையே இல்லாம சாப்பிடலாம்" என்றார். தீர்க்கதரிசி.

காலை 9.20. எமியின் பெற்றோர் வீடு அடக்கமான ஓர் ஒற்றை மாடி வீடு. வாசலில் ஒரு எலுமிச்சை மரம், கதவருகே வெள்ளைக் காகித விளக்கு ஒன்று. இறந்த பின் வரும் முதல் ஓபோனுக்கு மட்டும் வெள்ளை விளக்காம், புதிதாக வருபவருக்கு வீடு அடையாளம் தெரியவேண்டும் அல்லவா என்று எமி விளக்கினாள். செருப்பைக் கழற்றி உள்ளே போனேன். அந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லாமலே சரியாகச் செய்தேன்.

தேன்மொழி சமையலறையிலிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அப்பா! யூ ஆக்சுவலி கேம்!" என்றவள், உடனே குரலைத் தாழ்த்தி, "பி நைஸ், ஓகே?" என்றாள்.

"நான் எப்ப நைஸா இல்லாம இருந்தேன்?"

"அப்பா."

எமியின் அப்பா கென், உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர். மெலிந்த மனிதர், மெதுவாகத்தான் சிரிப்பார். அம்மா யூகோ, ஜப்பானிலிருந்து கல்யாணமாகி வந்தவர். (இவர்கள் பேசியது ஆங்கிலம். நான் என் தமிழில் தருகிறேன். மறுப்பு இருந்தால் அவர்களும் தமிழிலேயே மறுக்கட்டும்.)

"வாங்க முருகேசன். தேன் உங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்கா" என்றார் கென்.

என் மகளை அவர்கள் 'தேன்' என்று கூப்பிடுகிறார்கள். பெற்றவன் யோசித்து யோசித்து வைத்த பெயரைப் பாதியில் வெட்டி, அந்தப் பாதியிலேயே இனிப்பை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவது பொறாமை.

வரவேற்பறையின் ஒரு மூலையில் கறுப்பு மரத்தில் ஒரு சின்ன அலமாரி, உள்ளே புத்தர். அதற்கு முன்னால் ஒரு மேசை. மேசையில் ஜார்ஜ் தாத்தாவின் படம். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கையில் ஸ்பானரோடு, புகைப்படக்காரனை முறைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது: சோற்றுருண்டை, பீச் பழம், ஒரு கேன் பீர், உப்புக்கடலை, மேப்பிள் பூசிய டோனட். சர்க்கரை வியாதிக்காரராம். 'இனிமே டாக்டர் என்ன பண்ணிருவார்?' என்றார் யூகோ. எங்கள் வீட்டுப் படையலும் இதே கணக்குத்தான், அப்பாவுக்குப் பிடித்த உளுந்த வடை, சீனிமிட்டாய். ஆனால் நான் ஆலனில் படையல் போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்தால் காக்கை வருவதில்லை. கிராக்கிள் என்று ஒரு பறவை வருகிறது. கறுப்பாக இருக்கும், வால் நீளம், குரல் துருப்பிடித்த கதவு. 'இதுவும் கறுப்புதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கப்பா' என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். இரண்டாம் மாதமே குடியிருப்புச் சங்கத்திலிருந்து, கூரைமேல் சோறு வைக்கக்கூடாது என்று கடிதம். ஜார்ஜ் தாத்தாவுக்கு யாரும் கடிதம் போடவில்லை. அவர் நேரே வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

மேசையின் முன்வரிசையில் ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கத்தரிக்காயும் இருந்தன. இரண்டிலும் கீழே நாலு நாலு குச்சி.

10.05. கென் ஒரு சின்னக் கிண்ணமணியைத் தட்டினார். அது அடங்கும்வரை எல்லோரும் கை கூப்பி நின்றோம். பிறகு ஒவ்வொருவராக ஊதுபத்தி ஏற்றி வைத்தோம். என் முறை வந்தபோது பழக்கதோஷத்தில் ஊதுபத்தியைப் படத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன். சாம்பல் டோனட்மேல் விழுந்தது. எல்லோரும் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தார்கள். முடிந்தது. கென் என் பக்கம் திரும்பி, உள்ளங்கையை மேசைப் பக்கமாக நீட்டி, "ப்ளீஸ்" என்றார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். நம் வீட்டில் படையல் போட்டு, சூடம் காட்டி, கும்பிட்டு முடித்ததும் என்ன செய்வோம்? யாராவது ஒருவர் இலையிலிருந்து முதலில் ஒன்றை எடுத்து வாயில் போடவேண்டும். பெரியவர் எடுக்காமல் மற்றவர்கள் கை வைப்பதில்லை. அந்த அறையில் வயதில் மூத்தவன் நான். கெனைவிட இரண்டு வயது. எல்லோரும் எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள், பாவம், பசி வேறு இருக்கும் என்று நினைத்தேன். பீரை எடுக்க முடியாது, தலை வருடம். டோனட்டில் என் சாம்பல். வெள்ளரிக்காய்தான் உத்தமம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வெள்ளரியைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்கள். இங்கே நாகரிகமாகக் குச்சி குத்தியிருக்கிறார்கள் போலிருக்கிறது. நாலு குச்சியையும் ஒவ்வொன்றாக உருவி, நாசூக்காக ஒரு தட்டில் அடுக்கி வைத்தேன். கடித்தேன்.

நல்ல பிஞ்சு. அந்த அமைதியில் 'கறுக்' என்ற சத்தம் சமையலறைவரை கேட்டிருக்கும்.

"அப்பா!" என்றாள் தேன்மொழி. ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. "அப்பா... அது... தட் இஸ் த ஹார்ஸ்!"

"எது?"

"தாத்தாவோட குதிரை!" என்றாள் எமி. அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. சிரிக்கிறாள்.

பிறகுதான் விளக்கினார்கள். இது எல்லா வீட்டிலும் கிடையாது, யூகோவின் ஊர்ப்பக்க வழக்கம். வெள்ளரிக்காய் குதிரை, இறந்தவர் அதில் ஏறி வேகமாக வீடு வந்து சேரவேண்டும். கத்தரிக்காய் மாடு, திரும்பிப் போகும்போது அதில் ஏறி ஆடி அசைந்து, முடிந்தவரை தாமதமாகப் போகவேண்டும். கென் கையை நீட்டியது சோபாவில் உட்காரச் சொல்லி. சோபா மேசைக்கு அடுத்து இருந்தது.

என் வாயில் இருந்ததை விழுங்குவதா, துப்புவதா? ஒரு பெரிய மனிதரின் வாகனத்தின் பின்பாகம். விழுங்கினேன்.

கென் என் கையிலிருந்த மிச்சக் குதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவாயில்லை. அப்பா நேத்தே வந்து இறங்கியாச்சு. குதிரைக்கு இனிமே வேலை இல்லை" என்றார். "மாட்டை மட்டும் விட்டுருங்க. அதுவும் போச்சுன்னா அவரு இங்கயே தங்கிருவாரு."

"தங்கினா தங்கட்டுமே" என்றார் யூகோ, மெதுவாக.

அந்த நொடியைத் தேன்மொழிதான் கடத்தினாள். எங்கள் வழக்கத்தை அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: படையல், சூடம், முதலில் யார் எடுப்பது, எல்லாம் துல்லியமாக. எனக்கே தெரியாத நுணுக்கம் வேறு. "என் தாத்தா இன்னும் மோசம். சூடம் காட்டறதுக்கு முன்னாடியே வடையை எடுத்துருவாரு. கேட்டா, 'கண்டக்டருக்கு டிக்கெட் கிடையாது'ம்பாரு."

அறை முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அது எனக்குத் தெரியும். இந்த ஜோக் தெரியாது.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன் தமிழில்.

"சண்டே கால்ஸ்ல சொல்வாரு."

"எந்த சண்டே கால்ஸ்?"

"எவ்ரி சண்டே. காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து. யூ டிடன்ட் நோ?"

தெரியாது. எனக்கும் அப்பாவுக்கும் வாராவாரம் ஏழு நிமிடப் பேச்சு இருந்தது. பிரஷர் மாத்திரை சாப்பிட்டீங்களா, மழை பெய்ததா, சரி வைக்கிறேன். இவளோ கெனிடம் அப்பாவின் பஸ் தடத்தை ஒப்பித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டி, எட்டயபுரம், எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை, தூத்துக்குடி. அமெரிக்க நாக்கில் 'எப்போதும்வென்றான்' படாத பாடு பட்டது, ஆனால் வரிசை தப்பவில்லை. கென் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்; அவர் எட்டயபுரத்திலேயே இறங்கிவிட்டார்.

காலையில் புறப்படும்போது ஒரு செத்த ஜப்பானியர்மேல்தான் பொறாமை இருந்தது. பத்தரை மணிக்கு அந்தப் பட்டியலில் என் அப்பாவும் சேர்ந்துவிட்டார்.

தேன்மொழி சமையலறைக்குப் போய் இன்னொரு வெள்ளரிக்காயை எடுத்தாள், நாலு குச்சியை ஒரே அளவாக உடைத்தாள், முன்கால் இரண்டையும் கொஞ்சம் சாய்வாகக் குத்தி மேசையில் நிறுத்தினாள். ஆடாமல் நின்றது. முதல் குதிரையைச் செய்ததும் அவள்தானாம். அதையும் அப்போதுதான் சொன்னார்கள்.

மதியம் 1.30. ஜப்பான் டவுன் என்பது சில தெருக்கள்தான். அன்று கார்களை நிறுத்தி, தெருவை மனிதர்களுக்கு விட்டிருந்தார்கள். புத்தர் கோயில் முன்னால் கூடாரங்கள். கோழியைக் கரிநெருப்பில் வாட்டும் புகை ஒரு தெரு தாண்டியும் மூக்கைப் பிடித்து இழுத்தது. எனக்கு அசைவம் கூடாத வருடம். ஆகவே சுட்ட சோளம் ஒன்று, 6 டாலர். சீவிய ஐசில் பச்சைச் சாறு ஊற்றியது, 5 டாலர். கோழிக்காரனையும் அவன் முன்னால் நின்ற எழுபது பேரையும் பார்த்துக்கொண்டே சோளம் தின்றேன். சோளம் இனித்தது. மனசு இனிக்கவில்லை.

கோயில் பக்கம் கயிறு கட்டி வரிசை வரிசையாகக் காகித விளக்குகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் இறந்தவர் பெயர். எமி அவள் தாத்தாவின் விளக்கைக் காட்டினாள். சினிமாவாக இருந்தால் அதற்குப் பக்கத்திலேயே என் அப்பாவின் பெயர் எழுதிய விளக்கு ஒன்று தொங்கும், மகள் ரகசியமாக ஏற்பாடு செய்திருப்பாள், நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு மூன்று வரிசை தேடினேன். தொங்கவில்லை. கைக்குட்டையால் சோள உப்பைத் துடைத்துக்கொண்டேன்.

"யாரைத் தேடுறீங்க?" என்றாள் தேன்மொழி.

"சும்மா. பாத்ரூம் எங்கன்னு பாத்தேன்."

இதுதான் சமயம், கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வர்ற மாசம்..." என்றேன்.

"வர்ற மாசம்?"

"வர்ற மாசம் உன் கார் டயரை மாத்திரு. தேஞ்சிருக்கும்."

மாலை 6.45. தெருவின் நடுவே மேடை, மேடையில் இடுப்பளவு முரசு. முரசுக்காரர் முதல் அடி அடித்ததும் என் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது. தெருவில் கோடு கோடாக ஆட்கள் நின்றார்கள். ஆயிரம் பேர் இருக்கலாம். கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி, நடைவண்டியோடு ஒரு கிழவர், அலுவலக அடையாள அட்டையைக் கழற்ற மறந்த ஒருவன். எல்லோரும் ஒரே திசையில் மெல்ல நகர்ந்து ஆடினார்கள். ஒரு பாட்டு சுரங்கத் தொழிலாளிகளுடையதாம்: தோண்டு, தோளில் தூக்கிப் போடு, நெற்றி வியர்வையைப் பார், வண்டியைத் தள்ளு. தள்ளும்போது ஆயிரம் பேரும் சேர்ந்து தள்ளினார்கள். எமியும் தேன்மொழியும் முன்வரிசையில். எங்கள் வீட்டில் முதல் வருடத்தில் ஒருத்தர் பாட்டை முணுமுணுத்தாலே அத்தைமார்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இவர்கள் வீட்டில் முதல் வருடம் என்றால் முன்வரிசை.

நான் நடைபாதையில் மகளின் கைப்பை, எமியின் கைப்பை, இரண்டு போன்கள், ஒரு தண்ணீர் பாட்டில் சகிதம் நின்றேன். உலகத்தின் எந்தத் திருவிழாவிலும் தமிழ் அப்பனுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி காலியாக இருந்தது.

"உக்காருங்க" என்றார் கென். காலையில் பட்டது போதாதா? இந்தத் தடவை உஷாராகிவிட்டேன்.

"இது யாரோடது?"

"அப்பாவோடது. அவருக்கு இந்த ஆட்டமே பிடிக்காது. வருஷா வருஷம் இந்த நாற்காலில உக்காந்து யார் யார் தப்பா ஆடுறாங்கன்னு எண்ணுவாரு. வீட்டுக்கு வந்ததும் லிஸ்ட் வாசிப்பாரு. எப்பவும் நான்தான் முதல்ல இருப்பேன்." அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "இந்த வருஷம் எண்ண ஆள் இல்லை. நீங்க எண்ணுங்க."

சொல்லிவிட்டு ஆட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். நான் ஜார்ஜ் தாத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். காலையில் அவர் குதிரை, மாலையில் அவர் ஆசனம். ஒரே நாளில் ஒரு மனிதனிடம் இதைவிட அதிகமாகப் பிடுங்க முடியாது.

எண்ணினேன். கென், முதல் பாட்டிலேயே நாலு தப்பு. அடையாள அட்டைக்காரன், கணக்கில் அடங்காது. எமி, ஒன்று. தேன்மொழி, பூஜ்யம். அடுத்த பாட்டு, பூஜ்யம். விசிறிப் பாட்டு, பூஜ்யம். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை, ஆபீஸ் முடிந்து குபெர்டினோவிலிருந்து போக்குவரத்து நெரிசலில் வந்து கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு தப்பு செய்திருந்தால்கூட, 'சும்மா பொழுதுபோக்குக்கு வந்திருக்கா' என்று சமாதானம் ஆகியிருப்பேன். அவள் அப்படி ஆடவில்லை. கையைத் தூக்கும்போது விரல் நுனிவரை அவள் அங்கே இருந்தாள்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இதுவரை சொல்லாமல் சிரிப்புக் காட்டிக்கொண்டு வந்தேன். போன ஆகஸ்டில் அப்பா தவறிய செய்தி வந்த அன்று தேன்மொழி போன் செய்தாள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். அவள் வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் சொன்னேன்: "வேலைல சேர்ந்த உடனே லீவு கேட்டா என்ன நினைப்பாங்க? நீ வந்து என்ன பண்ணப் போற?" நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். கொள்ளி வைப்பது நான், மொட்டை போடுவது நான், பதினாறாம் நாள் காரியம் நான். அவளுக்கு அங்கே என்ன வேலை என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. "ஓகே" என்றாள். வைத்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போனை எடுத்து யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள் என்பது, ஞாயிற்றுக்கிழமைக் கதையே தெரியாத எனக்கு எப்படித் தெரியும்?

இந்த வீட்டில் அவளை, 'நீ வந்து என்ன பண்ணப் போற?' என்று யாரும் கேட்கவில்லை. கையில் ஒரு வெள்ளரிக்காயையும் நாலு குச்சியையும் கொடுத்தார்கள்.

கடைசிப் பாட்டுக்குக் கென் வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். இரண்டு கைப்பையோடு ஆடினேன். எல்லோரும் முன்னால் போகும்போது நான் பின்னால் போனேன். நடைவண்டிக் கிழவரை ஒருமுறை இடித்தேன். "உங்க எண்ணிக்கை எவ்வளவு?" என்றார் கென். "உங்களவிட ஒண்ணு கூட" என்றேன். அந்த மனிதரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பட்டியலில் முதலிடத்தை முதன்முதலாக ஒருவன் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. குபெர்டினோவில் அவர்கள் அபார்ட்மெண்டில் சோபாவில் படுத்து எழுந்து, தேன்மொழியின் காரில் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். பதினொரு மைல். ஃப்ரீவேயில் கூட்டமில்லை. தென்மேற்கே மலைகள்மேல் பனிமூட்டம் பாலாடை போலப் படிந்திருந்தது. ஆலனில் மலையும் கிடையாது, பனிமூட்டமும் கிடையாது, தண்ணீர்த் தொட்டிதான் உயரம். இங்கே வாடகை மட்டும்தான் எனக்குப் பொறாமை தராத விஷயம்.

முதல் மைலில் கேட்க நினைத்து, அவள் ரூம் வாடகையைக் கேட்டேன். நாலாவது மைலில் கேட்க நினைத்து, எமியின் அம்மா நல்லவர் என்றேன். ஏழாவது மைலில், ஆயில் மாற்றினாயா என்றேன்.

"அப்பா, ஆர் யூ ஓகே?"

"எனக்கென்ன?"

"நேத்து டயர். இன்னிக்கு ஆயில்."

விமான நிலைய வாசலில் காரை ஓரமாக நிறுத்தினாள். டிக்கியைத் திறந்து என் பையை எடுத்து நடைபாதையில் வைத்தாள். பின்னால் ஒருவன் நெருக்கி நின்றுகொண்டிருந்தான். காவலர் ஒருவர் 'நகருங்கள்' என்று கை காட்டினார். இனிமேல் தள்ளிப்போட இடம் இல்லை.

"எங்க அப்பாவுக்கு வருஷத் திதி, வர்ற மாசம்" என்றேன். பேச ஆரம்பித்ததும் நிற்கவில்லை. "வீட்லதான். பெரிசா ஒண்ணும் இல்லை, படையல்தான். உனக்கு வேலை இருக்கும், லீவு கிடைக்காது, எனக்குத் தெரியும். ஃப்ளைட்டும் விலை ஜாஸ்தி. வரலைன்னாலும் நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா முடிஞ்சா, எங்க அப்பாவுக்காக, ஒரு நாள் மட்டும்..."

தேன்மொழி டிக்கியை அடித்து மூடினாள்.

"அவர் எனக்கும்தான் தாத்தா."